இடப்பக்கம் மட்டும் சிங்கப்பூர்

வலப்பக்கம் நின்று பார்த்தால் பிரிட்டிஷ் ஏர்வேஸ். இடப்பக்கம் நின்று பார்த்தால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். அப்படி ஒரு கான்கார்ட் விமானம் இருந்தது. ஜி-பிஓஏடி என்பது அதன் பதிவு எண். லண்டனிலிருந்து பஹ்ரைன் வழியாகச் சிங்கப்பூருக்கு 1977 டிசம்பரில் கான்கார்ட் சேவை தொடங்கியது. மூன்று முறை வந்து போனதுமே, ஒலியை மிஞ்சும் வேகத்தில் மலாக்கா நீரிணையைக் கடக்க மலேசியா அனுமதி மறுத்ததால் நின்றுபோனது. 1979 ஜனவரியில் மீண்டும் தொடங்கி, 1980 நவம்பர் 1 அன்று முடிந்தது. வந்திறங்கிய இடம் பாய லேபார். எட்டு மாதம் கழித்துத்தான் சாங்கி விமான நிலையம் செயல்படத் தொடங்கியது.

அந்த விமானத்தைத்தான் சாங்கியில் என் வீவக வீட்டு மேசையில் இப்போது கட்டிக்கொண்டிருக்கிறேன். சிறுவயதில் ஒட்டிய அதே 1/144 அளவு பிளாஸ்டிக் கிட். 61.66 மீட்டர் நீள விமானம் இதில் 43 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். அப்போது இருபுறமும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் படங்களையே ஒட்டியிருந்தேன். இம்முறை இடப்பக்கத்துக்கு நீலமும் மஞ்சளும்.

சிறுவனுக்குப் பசை என்றால் பசை. இப்போதுதான் அது செய்யும் வேலையின் அழகு தெரிகிறது. கிட்டின் துண்டுகள் பாலிஸ்டைரீனால் ஆனவை. அதற்கான பசையில் இருக்கும் கரைப்பான் இரு விளிம்புகளையும் மேலோட்டமாக இளக்கிவிடும். இளகிய நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து பின்னிக்கொள்ளும். கரைப்பான் ஆவியானதும் அவை அப்படியே இறுகிவிடும். இரும்பைப் பற்றவைப்பதற்கு நிகரான இணைப்பு இது.

வண்ணம் பூசத்தான் நம் ஊரில் பொறுமை வேண்டும். இங்கே ஈரப்பதத்தின் ஆண்டுச் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல். தெளிக்கும் லாக்கர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள நீராவி அதன்மேல் படியும். பளபளப்பு போய்ப் புகை படர்ந்ததுபோல் வெளுத்துவிடும். மழை நாளில் பூசாமல் இருப்பதே நல்லது. குளிரூட்டியைப் போட்டு அறையை உலர்த்திவிட்டுப் பூசலாம்.

கான்கார்டின் வெள்ளைக்கு ஒரு காரணம் உண்டு. ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்தில் போகும்போது முன்னால் அழுந்தும் காற்றால் மூக்கு நுனி 127 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். பாலிஸ்டைரீனோ 100 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். அந்தச் சூட்டில் என் மாடலின் மூக்கு தொங்கிப்போகும். அசல் விமானத்தின் அலுமினியக் கலவை உடல் தாங்கியது, ஆனால் பறக்கும்போது ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீண்டது. மாடலின் அளவில் அது ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு.

அந்தச் சூட்டைக் குறைக்கத்தான் வெள்ளைப் பூச்சு. வெயிலைத் திருப்பி அனுப்புவதோடு, உடலில் ஏறிய வெப்பத்தையும் அகச்சிவப்புக் கதிர்களாக அது வெளியேற்றும். 1996இல் பெப்சி விளம்பரத்துக்காக ஏர் பிரான்சின் ஒரு கான்கார்டுக்கு நீலம் பூசினார்கள். எரிபொருளின் பெரும்பகுதி இருக்கும் இறக்கைகளை வெள்ளையாகவே விட்டார்கள். அப்படியும் இரு மடங்கு ஒலிவேகத்தில் 20 நிமிடத்துக்கு மேல் பறக்க வேண்டாம் என்பதே அறிவுரை. சிங்கப்பூர்ப் பட்டைகள் சன்னமானவை. உடலின் பெரும்பரப்பு வெள்ளையாகவே இருந்தது.

ஜி-பிஓஏடி இன்று நியூயார்க்கின் இன்ட்ரெபிட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது, இருபுறமும் பிரிட்டிஷ் நிறத்தில். நம் பக்கத்தைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் மாடலாகத்தான் கட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் ஒன்று இருக்க வேண்டும் என்பேன்.

மூக்கை எப்படி ஒட்டுவது என்பது பாக்கி. முக்கோண இறக்கை குறைந்த வேகத்தில் தூக்குவிசை தர வேண்டுமானால் விமானம் தலையை நன்றாக நிமிர்த்த வேண்டும். அப்போது விமானிக்கு ஓடுபாதை மறையும். அதனால்தான் தரையிறங்கும்போது மூக்கை 12.5 டிகிரி சாய்த்தார்கள். பாய லேபாரில் அது இறங்கியதை அண்ணாந்து பார்த்தவர்கள் கண்டது அந்தக் கோலத்தைத்தான். சக்கரங்களை இறக்கி, மூக்கைச் சாய்த்தே ஒட்டப்போகிறேன்.