கடலின் சின்னச் சுழிகள்

1984 அக்டோபரில் சேலஞ்சர் விண்ணோடத்தில் பறந்தவர்களில் பால் ஸ்கல்லி-பவர் ஒரு கடலியலாளர். விண்ணுக்குச் சென்ற முதல் கடலியலாளர் அவர்தான். சூரிய ஒளி நீரில் பட்டுத் தெறிக்கும் இடங்களில் அவர் கண்டது, ஒன்றையொன்று தொட்டபடி சங்கிலியாய் நீண்ட சுழிகள். ஒவ்வொன்றும் 10 முதல் 25 கிலோமீட்டர் அகலம். காலங்காலமாகக் கப்பல்கள் அவற்றின் மேலேயே போய்வந்திருக்கின்றன. ஆனால் கப்பல் தளத்தில் நிற்பவருக்கு அந்த வடிவம் பிடிபடாது. உயரே போனால்தான் தெரியும்.

கடல்நீரை எது அப்படிக் காட்டிக்கொடுக்கிறது? கடல் உயிரிகள் வெளியிடும் எண்ணெய்ப்பசை மிக மெல்லிய படலமாக மிதக்கிறது. அது சிற்றலைகளை அடக்கிவிடும். நீரோட்டம் அந்தப் படலத்தை இழுத்து வரிவரியாகச் சுருட்டும்போது, சுழி தன்னையே வரைந்து காட்டுகிறது. ரேடார் படத்தில் இதே வரிகள் கருங்கோடுகளாக விழும். சென்டினல்-1 போன்ற ரேடார் செயற்கைக்கோள்களுக்கு இரவும் மேகமும் தடையில்லை.

வடகோளத்தில் இந்தச் சுழிகள் பெரும்பாலும் இடஞ்சுழிகள், தென்கோளத்தில் வலஞ்சுழிகள். கடலியலாளர் வால்டர் மங்க்கும் சகாக்களும் 2000-இல் இதை விரிவாக எழுதினார்கள். எதிர்த்திசையில் வேகமாகச் சுழல முயலும் சிறுசுழி நிலைகுலைந்து சிதைந்துவிடுகிறது என்பது ஒரு முக்கியமான காரணம்.

அளவில் சிறியவை என்று இவற்றை ஒதுக்கக் கூடாது. நூறு கிலோமீட்டர் அகலப் பெருஞ்சுழிகளில் நீர் மேலும் கீழும் நாளைக்குச் சில மீட்டர்தான் நகரும். சிறுசுழிகளின் விளிம்பிலோ நாளைக்கு நூறு மீட்டர்கூட நகரலாம். ஆழத்துச் சத்துகள் வெளிச்சத்துக்கு வந்தால்தான் மிதவைப்பாசி தழைக்கும்; பாசியை நம்பித்தான் மீன். ஐதராபாத்தின் இன்காய்ஸ் கடல் தகவல் மையம் நம் மீனவர்களுக்குத் தரும் மீன்வளப் பகுதி அறிவிப்பும், செயற்கைக்கோள்கள் அளக்கும் கடற்பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தையும் வைத்தே தயாராகிறது.

கடல்மட்ட உயரத்தை அளக்கும் பழைய செயற்கைக்கோள்களுக்குச் சிறுசுழிகள் எட்டவில்லை. 2022 டிசம்பரில் நாசாவும் பிரான்சின் விண்வெளி அமைப்பான சினெஸும் ஏவிய ஸ்வாட் செயற்கைக்கோள், பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆண்டெனாக்களைக் கொண்டு 120 கிலோமீட்டர் அகலப் பட்டையை அளக்கிறது. பெரிய பாய்ச்சல்தான். ஆனாலும் அதன் சுற்றுப்பாதை மீண்டும் அதே தடத்துக்கு வர 21 நாள் ஆகிறது. சிறுசுழியின் ஆயுளோ பல நேரம் சில நாட்களே. ஒரே செயற்கைக்கோளை நம்பினால் போதாது. ரேடார், நிறம், வெப்பம், உயரம் நான்கையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

லாண்ட்சாட், சென்டினல் செயற்கைக்கோள் படங்கள் யாருக்கும் இலவசம். 2018 ஜூலையில் லாண்ட்சாட்-8 எடுத்த பின்லாந்து வளைகுடாப் படத்தைத் தேடிப் பாருங்கள்: பச்சை நிற மிதவைப்பாசி ஒரு சுழியை முழுசாக வரைந்திருக்கிறது.