காலிக் குளம் படகு போல மிதக்கும்! வீட்டுக்குள் நீச்சல் குளம் கட்டுவோர் உஷார்

சென்னை:

மழைக்காலம் வந்தால் கொசு முட்டை வைக்குமே என்று பயந்து, வீட்டு நீச்சல் குளத்தை மோட்டார் போட்டு இறைத்துக் காலி செய்து விடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: காலியான குளம் தரையைப் பிளந்து கொண்டு மேலே வரும். படகு மாதிரி மிதக்கும்!

இது கட்டுக்கதை அல்ல. பள்ளிக்கூடத்தில் படித்த ஆர்க்கிமிடீஸ் தத்துவம்தான். லட்சக்கணக்கில் கொட்டிக் கட்டிய குளம் ஒரே இரவில் விரிசல் விட்டுப் போவதற்கு இது முக்கியமான காரணம்.

ஒரு காலத்தில் நீச்சல் குளம் என்றால் சென்னைவாசிக்கு மெரினா மாநகராட்சிக் குளம்தான். இப்போது அப்படி இல்லை. திருவான்மியூரைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் பங்களா, பண்ணை வீடு எல்லாவற்றிலும் பின்பக்கம் ஒரு குளம். வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பியவர், கடை வைத்து நாலு காசு சேர்த்தவர், எல்லாருக்கும் அந்த ஆசை வந்து விட்டது. ஆசை தப்பில்லை. ஆழம் தெரியாமல் காலை விடுவதுதான் தப்பு.

மூன்று வகை

தரைக்குள் பதிக்கும் குளத்தில் மூன்று வகை உண்டு. கான்கிரீட் குளம், பைபர் கிளாஸ் தொட்டிக் குளம், வினைல் விரிப்புக் குளம். காண்டிராக்டர் எது லாபமோ அதைத்தான் சொல்வார். வாங்குகிறவர்தான் விவரம் தெரிந்து பேச வேண்டும்.

கான்கிரீட் குளம்: நம் ஊர் கொத்தனாருக்கும் கம்பி கட்டுகிறவருக்கும் பழக்கமான வேலை இது. பள்ளம் தோண்டி, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, மேலே டைல்ஸ் ஒட்டுவார்கள். அச்சுப் பலகை அடிக்காமல் குழாய் வழியாகக் கான்கிரீட்டைப் பீய்ச்சி அடிக்கும் முறையும் உண்டு. அந்தச் சிமெண்டு பீரங்கியைக் கண்டுபிடித்தவர் என்ஜினீயர் அல்ல. செத்த யானைகளைப் பாடம் செய்து அருங்காட்சியகத்தில் நிறுத்திய கார்ல் எக்லி என்ற அமெரிக்கர். 1911ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார்.

இதில் வசதி என்ன? வட்டமோ, நீள்சதுரமோ, கேட்ட வடிவத்தில் கட்டலாம். கெட்டியாகக் கட்டினால் தலைமுறைக்கும் நிற்கும். தொல்லை என்ன? நாள் பிடிக்கும். கான்கிரீட் முழு பலம் பெறவே 28 நாள். அப்புறம் வாட்டர் புரூப் பூச்சு, டைல்ஸ் என்று மாதக்கணக்கில் இழுக்கும். சில வருடம் போனதும் டைல்ஸ் இடுக்கில் பாசி பிடிக்கும். இடுக்குச் சாந்து கரைந்தால் ஒழுகும்.

இங்கே ஒரு சூட்சுமம். வீட்டுக்கு மேல்தளம் போடுகிற எம்-20 கலவையையே குளத்துக்கும் போட்டு விடுகிற மேஸ்திரிகள் உண்டு. தண்ணீர் தேக்கும் கட்டிடங்களுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 3370. கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்-30 வேண்டும் என்கிறது அது. ஒப்பந்தத்தில் இதை எழுதி வாங்க வேண்டும். டைல்ஸ் ஒட்டும் முன்பு ஒரு வாரம் தண்ணீர் கட்டி வைத்து, ஒழுகுகிறதா என்றும் பார்த்து விட வேண்டும். டைல்ஸ் ஒட்டிய பிறகு ஓட்டையைத் தேடினால் குளத்தையே உடைக்க வேண்டி வரும்.

பைபர் கிளாஸ் குளம்: தொழிற்சாலையில் வார்த்து, பெரிய குளியல் தொட்டி போல முழுசாக லாரியில் வரும். பள்ளத்தில் கிரேன் வைத்து இறக்கினால் வேலை முக்கால்வாசி முடிந்தது. இரண்டு வாரத்தில் நீந்தலாம். உள்பக்கம் வழவழப்பு, பாசி சுலபத்தில் ஒட்டாது. தேய்க்கிற வேலையும் மருந்துச் செலவும் குறைவு. மண் கொஞ்சம் அசைந்தாலும் தொட்டி வளைந்து கொடுக்கும்.

ஆனால் பட்டியலில் இருக்கிற அளவு, வடிவம்தான் கிடைக்கும். கிரேன் வர வழி வேண்டும். நம் தெருக்களில் மேலே கரண்ட் கம்பி, கீழே பார்க்கிங். சந்துக்குள் வீடு என்றால் தொட்டி மெயின் ரோட்டிலேயே நின்று விடும்! இறக்கும்போதும் அவசரம் கூடாது. உள்ளே தண்ணீர் ஏற ஏற, வெளியே சுற்றிலும் அதே மட்டத்துக்கு நிரப்பிக் கெட்டிப்படுத்த வேண்டும். வெளியே மட்டும் கொட்டினால் பக்கச் சுவர் உள்ளே பிதுங்கும்.

வினைல் குளம்: இரும்புத் தகடு அல்லது பிளாஸ்டிக் பலகையால் சுவர் நிறுத்தி, அடியில் மணலோ சிமெண்டு கலவையோ சமப்படுத்தி, மேலே வினைல் விரிப்பைப் போர்த்துவார்கள். முதல் செலவு மற்ற இரண்டையும் விடக் கம்மி. காலுக்கு மெத்தென்று இருக்கும்.

ஆனால் அந்த விரிப்பின் கனம் முக்கால் மில்லி மீட்டர் கூட இருக்காது. நாய் நகம், உடைந்த பாட்டில் துண்டு, எது பட்டாலும் கிழியும். வெயிலிலும் மருந்திலும் நிறம் போகும். பத்து வருடம் போல ஆனதும் மாற்றித்தான் ஆக வேண்டும். 1.5 மில்லி மீட்டர் கனத்தில் வலை வைத்த விரிப்பும் கிடைக்கிறது. அது உழைக்கும். விலையும் அதற்குத் தக்கபடி ஏறும்.

மண் என்ன மண்?

வகையைத் தீர்மானிப்பது ஆசையோ பர்சோ அல்ல; அடியில் கிடக்கிற மண்தான். சென்னையில் அது ஏரியாவுக்கு ஏரியா மாறும்.

திருவான்மியூர், கொட்டிவாக்கம், சாந்தோம் பக்கம் கடற்கரை மணல். மழை பெய்தால் நிலத்தடி நீர் சட்டென்று ஏறும். தி.நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூர் பக்கம் களிமண். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அந்த இழுபறியில் கான்கிரீட்டில் விரிசல் விழும். கிண்டி, ஆதம்பாக்கம், வேளச்சேரி பக்கம் கீழே பாறை. உடைக்கிற கூலியே கண்ணைக் கட்டும். அங்கே பாதி தரைக்கு மேலும் பாதி கீழுமாகக் கட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

மிதக்கும் கணக்கு

இப்போது அந்த மிதக்கும் சங்கதிக்கு வருவோம். 20 அடி நீளம், 10 அடி அகலம், 4 அடி ஆழம் என்று சின்னக் குளமாகவே வைத்துக் கொள்வோம். அதில் பிடிக்கிற தண்ணீர் சுமார் 22,600 லிட்டர். எடை 22 டன்னுக்கு மேல்.

மழையில் நிலத்தடி நீர் குளத்தின் விளிம்பு வரை ஏறி விட்டது என்று வையுங்கள். குளமும் காலி. அப்போது அடியிலிருந்து தூக்குகிற விசை அந்த 22 டன். பைபர் தொட்டியின் எடையோ ஒன்றிரண்டு டன்னைத் தாண்டாது. மேலே வராமல் என்ன செய்யும்?

கான்கிரீட் கனமாயிற்றே என்று கேட்கலாம். சுவரும் தரையும் 8 அங்குலக் கனம் என்றால் இந்தக் குளத்தின் எடை சுமார் 22 டன். வெளி அளவை வைத்துக் கணக்குப் போட்டால் தூக்கும் விசை சுமார் 32 டன்! அதுவும் தப்பாது. வினைல் குளத்தில் விரிப்பு பலூன் மாதிரி உப்பி, சுருக்கம் விழுந்து வீணாகும்.

தப்பிக்க வழி சுலபம். குளம் கட்டும்போதே ஆழமான இடத்தில் அழுத்தம் விடும் வால்வு வைக்கச் சொல்ல வேண்டும். வெளித் தண்ணீர் அழுத்தினால் அது திறந்து தண்ணீரை உள்ளே விட்டு விடும். குளத்தை ஒட்டி ஒரு குழாய்க் கிணறு இறக்கினால், நிலத்தடி நீர் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம், இறைக்கவும் செய்யலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அக்டோபர் முதல் டிசம்பர் வரை குளத்தைக் காலி செய்யவே கூடாது. நிரப்பி, மருந்து போட்டு, மோட்டாரை ஓட விட்டால் கொசுவும் அண்டாது.

தண்ணிக்கு எங்கே போவது?

இதே சின்னக் குளத்தை நிரப்ப 12,000 லிட்டர் லாரி இரண்டு வேண்டும். அதோடு முடிந்ததா? வெயிலில் தினமும் 5 மில்லி மீட்டர் ஆவியாகிப் போனால் ஒரு நாளைக்கு 93 லிட்டர். அதாவது ஆறு குடம் தண்ணீர். வருடத்துக்கு சுமார் 34,000 லிட்டர். குளத்தை ஒன்றரை தடவை மறுபடி நிரப்புகிற மாதிரி!

2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஊரே குடத்தோடு அலைந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். அந்த ரயில் முழுவதையும் கொட்டினாலும் இந்த மாதிரி 110 குளம்தான் நிரம்பும்.

ராத்திரியில் மூடி விரிப்பு போட்டால் ஆவியாவது பெரிதும் குறையும். தண்ணீர் ஒழுகியா போகிறது, ஆவியாகவா போகிறது என்று தெரிய ஒரு பக்கெட் போதும். பக்கெட்டில் தண்ணீர் எடுத்துக் குளத்துப் படியில் வைத்து, பக்கெட் மட்டத்தையும் குளத்து மட்டத்தையும் குறித்துக் கொள்ளுங்கள். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு குறைந்தால் ஆவி. குளம் அதிகம் குறைந்திருந்தால் ஓட்டை.

போர் தண்ணீரை விடுகிறவர்களும் கவனிக்க வேண்டும். இரும்புச் சத்துள்ள தண்ணீரில் குளோரின் பட்டதும் குளம் டீத்தண்ணி நிறமாகும். உப்புத் தண்ணீர் டைல்ஸில் வெள்ளை வெள்ளையாகப் படியும்.

கரண்ட் செலவும் உண்டு. ஒரு குதிரைத்திறன் மோட்டார் தினம் 8 மணி நேரம் ஓடினால் 6 யூனிட். இரண்டு மாதக் கணக்கில் 360 யூனிட். இது நீந்தாத நாளுக்கும் சேர்த்துத்தான்.

வேலி இல்லாத குளம் எமன்!

இவ்வளவு கணக்கையும் விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. குளம் எந்த வகையாக இருந்தாலும் குழந்தைக்கு அது ஒன்றுதான். சினிமாவில் காட்டுகிற மாதிரி கத்திக் கூப்பாடு போட்டு யாரும் மூழ்குவதில்லை. சத்தமே இருக்காது. போன் பேசி முடிப்பதற்குள் காரியம் முடிந்து விடும்.

ஆஸ்திரேலியாவில் வீட்டுக் குளத்தைச் சுற்றிக் குறைந்தது 1.2 மீட்டர் உயர வேலி கட்டாயம். கதவு தானாகச் சாத்திக் கொள்ள வேண்டும். தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டக் கூடாது. நம் ஊரில் காண்டிராக்டர் தருகிற மதிப்பீட்டில் நீல விளக்கு இருக்கும், நீர்வீழ்ச்சி இருக்கும். வேலி மட்டும் இருக்காது. நீர்வீழ்ச்சியை வெட்டி விட்டாவது வேலியைப் போட வேண்டும்.

மூடி விரிப்பு இருக்கிறதே என்று நம்பக் கூடாது. தொளதொள விரிப்பில் கால் வைக்கிற குழந்தை அடியில் போய் விட்டால் வெளியே தெரியக் கூடத் தெரியாது.

அடியில் தண்ணீரை உறிஞ்சும் துவாரமும் ஆபத்துதான். அமெரிக்காவில் 2002ல் 7 வயதுச் சிறுமி ஒருத்தி அப்படி உறிஞ்சப்பட்டு இறந்தாள். அவள் பெயராலேயே 2007ல் அங்கே சட்டம் வந்தது. துவாரம் ஒன்றல்ல, தள்ளித் தள்ளி இரண்டு வேண்டும். அதற்கென்றே உள்ள பாதுகாப்பு மூடியும் வேண்டும். குளத்து விளக்கு 12 வோல்ட் விளக்காக இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை உல்லாசம்

குளம் கட்டாதவர்களுக்கும் இதில் வேலை உண்டு. லீவு நாளில் குளம் வைத்த பண்ணை வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். போனதும் சாமானை இறக்கும் முன்பே நாலு விஷயம் பார்க்க வேண்டும். குளத்துக்கு வேலி, கதவு உண்டா? ஆழம் எழுதியிருக்கிறதா? அடித்தரை கண்ணுக்குத் தெரிகிறதா? கயிறும் மிதவையும் கைக்கு எட்டுகிற இடத்தில் உண்டா? கலங்கிய தண்ணீர் என்றால் யாரும் இறங்கக் கூடாது. மூழ்கிக் கிடக்கிற பிள்ளை தெரியாது.

எல்லாரும் பார்த்துக் கொள்வார்கள் என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். பெரியவர் ஒருவர் முறை வைத்து, போனைக் கீழே வைத்து விட்டுக் கரையில் உட்கார வேண்டும். குடித்தவர் அந்தக் காவலுக்கு ஆகாது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்

கடைசியாக, எதை வாங்குவது? தெருவில் கிரேன் வருமென்றால், களிமண் பூமிக்கு பைபர் ஏற்றது. கடலோர மணலில் வால்வோடு கூடிய கனமான கான்கிரீட். அடிக்கடி விரிப்பு மாற்றத் தயார் என்கிறவருக்கு மட்டும் வினைல்.

எதுவானாலும் முதலில் மண் பரிசோதனை. அடுத்தது பிளான் அனுமதி பற்றி மாநகராட்சியிலோ ஊராட்சியிலோ விசாரணை. பள்ளம் எவ்வளவு ஆழமோ, அவ்வளவு தூரமாவது வீட்டுச் சுவரையும் பக்கத்து வீட்டு மதிலையும் விட்டுத் தள்ளித் தோண்ட வேண்டும். மதிப்பீட்டில் வால்வு, இரட்டைத் துவாரம், வேலி மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இந்த மூன்றும் வேண்டாம், செலவு மிச்சம் என்று சொல்கிற காண்டிராக்டருக்கு ஒரு ரூபாய் கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.