தூரிகை வீசிய வாள்

ஜப்பானியச் சித்திரக்கதையான மாங்காவில் சாமுராய் கதைகள் ஏராளம். அவற்றில் ஒரு வயதில் படித்துவிட்டு இன்னொரு வயதில் கட்டாயம் திரும்பப் படிக்க வேண்டியது ‘லோன் வூல்ஃப் அண்ட் கப்’. கஸுவோ கொய்கே எழுத, கொசெகி கொஜிமா வரைய, 1970 முதல் 1976 வரை தொடராக வந்து 28 தொகுதிகளாக நிற்கிறது.

கதை எடோ காலத்தில் நடக்கிறது. ராணுவ ஆட்சியாளரான ஷோகுனுக்காகத் தலை கொய்யும் பதவியில் இருந்த ஒகாமி இட்டோ, யாக்யூ குலத்தின் சதியில் மனைவியையும் பதவியையும் இழக்கிறான். மகன் டைகோரோவை மரவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு, 500 ரியோ கூலிக்குக் கொலை செய்தபடி ஊர் ஊராகப் போகிறான்.

கல்லூரி நாட்களில் இதைச் சண்டைக்காகவே படித்தேன், பக்கங்கள் பறந்தன. இப்போது கை மெதுவாகிறது. காரணம், கொஜிமாவின் தூரிகை. இளவயதில் தியேட்டர்களுக்கு விளம்பரப் படம் வரைந்தவர் அவர். பிறகு, தெருவில் படம் காட்டிக் கதை சொல்லும் கமிஷிபாய்க்கும் வரைந்தார். வாள் சுழலும் இடத்தில் அவருடைய மை உலர்ந்து சொரசொரப்பாக இழுபடுகிறது. உடல் எங்கே முடிகிறது, வேகம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. அதற்கு முன்போ புல், மழை, ஒரு கண், ஒரு வைக்கோல் செருப்பு என வசனமே இல்லாத கட்டங்கள். இங்கே கட்டம்தான் கடிகாரம்: சிறு கட்டங்களை அடுக்க அடுக்கக் காத்திருப்பு நீள்கிறது, பெரிய கட்டம் ஒன்றில் சண்டை முடிந்துவிடுகிறது.

அந்தக் காத்திருப்பில்தான் கேள்விகள் எழுகின்றன. முதல் தொகுதியிலேயே ஒரு காட்சி. தவழும் மகன் முன்னே இட்டோ ஒரு பந்தையும் ஒரு வாளையும் வைக்கிறான். பந்தைத் தொட்டால், கொலையுண்ட தாயிடமே அவனையும் அனுப்பிவிடுவான். வாளைத் தொட்டால் உடன் அழைத்துப் போவான். குழந்தை வாளை நோக்கித் தவழ்கிறது. அன்று இது வீரமாகத் தெரிந்தது. நானும் தகப்பனான பிறகு நெஞ்சு பதறுகிறது. விவரம் அறியாத பிள்ளையின் தலையில் தந்தை தன் முடிவை ஏற்றிவிட்டான். கொய்கே இதற்குத் தீர்ப்பு சொல்வதில்லை. இட்டோவின் வாளுக்கு இரையாகிறவர்களில் நேர்மையானவர்களும் உண்டு. யார் பக்கம் நிற்பது என்பதை நம்மிடமே விட்டுவிடுகிறார்.

ஆங்கிலத்தில் டார்க் ஹார்ஸ் நிறுவனம் 2000 முதல் 2002 வரை முழுத் தொடரையும் வெளியிட்டது. பல அத்தியாயங்கள் தனிக்கதைகளாகவே நிற்பதால், 28 தொகுதிகளா என்று மலைக்காமல் தொடங்கலாம். வசனமில்லாத பக்கங்களை மட்டும் புரட்டித் தள்ளிவிடாதீர்கள். கொஜிமா தன் உழைப்பைக் கொட்டியிருப்பது அங்கேதான். கொய்கேவின் கதை நம்மை விசாரிப்பதும் அங்கேதான்.