அட்டை உங்கள் பெயரில். பணம் யார் கையில்?

பணப்பை இல்லாமல் கடைக்குப் போகும் காலம் வந்துவிட்டது. இப்போது அட்டையைக்கூட எடுத்துச் செல்ல வேண்டியதில்லை. பதினாறு இலக்க எண் ஒன்று, காலாவதியாகும் மாதம், மூன்று இலக்க ரகசிய எண்: அட்டை என்பது இவ்வளவுதான். அது பிளாஸ்டிக்கில் அச்சாவதே இல்லை. செல்போன் திரையில் தோன்றும். வேண்டுமானால் ஒரே ஒரு சாமான் வாங்கிய பிறகு மறைந்தும் போகும். இதற்கு மெய்நிகர் அட்டை என்று பெயர்.

இந்த அட்டையில் ஒரு புதுமை சேர்ந்திருக்கிறது. பாங்கிக் கணக்கிலிருந்து பணம் போடாமல், பிட்காயின், டெதர் போன்ற கிரிப்டோ நாணயங்களைப் போட்டு இதை நிரப்பிக்கொள்ளலாம். உலகின் எந்தக் கடையிலும் செலவழிக்கலாம் என்று விளம்பரங்கள் அழைக்கின்றன.

வசதி உண்மைதான். அபாயமும் உண்மைதான். இரண்டையும் தராசில் வைத்து நிறுத்துப் பார்ப்போம்.

கடைக்காரர் வாங்குவது என்ன?

முதலில் ஒரு தப்பெண்ணத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும். கடைக்காரர் உங்கள் பிட்காயினை வாங்கிக்கொள்வதில்லை. அவருக்குப் போய்ச் சேருவது டாலர் அல்லது யூரோதான். அப்படியானால் பிட்காயின் எங்கே போயிற்று?

நடுவில் நான்கு கைகள் இருக்கின்றன. உங்களிடம் நாணயத்தை வாங்கிக்கொண்டு அதை விற்றுப் பணமாக்கும் சேவைக் கம்பெனி முதல் கை. அரசாங்க லைசென்சு பெற்று, அட்டையைச் சட்டப்படி வெளியிடும் பாங்கி அல்லது மின்பணக் கம்பெனி இரண்டாவது கை. கணக்கு வழக்குகளை நொடியில் சரிபார்த்துக் கொடுக்கும் கம்பெனி மூன்றாவது கை. விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலைப்பின்னல் நான்காவது கை.

செல்போனில் நீங்கள் பார்ப்பது முதல் கையின் பெயரைத்தான். இரண்டாவது கையின் பெயர் எங்கோ ஒரு மூலையில், பொடி எழுத்தில் இருக்கும். ஆனால் அட்டைக்கு உயிர் கொடுப்பது அந்தப் பொடி எழுத்துத்தான். இந்த நான்கு கைகளில் எந்த ஒன்று நழுவினாலும் உங்கள் அட்டை வெறும் எண்ணாகிவிடும்.

லாபப் பக்கம்

நன்மையைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. முன்பின் தெரியாத வியாபாரியிடம் இணையத்தில் சாமான் வாங்கும்போது, உங்கள் சொந்த பாங்கிக் கணக்கு அவன் கண்ணில் படுவதில்லை. எண் களவு போனாலும், அட்டையில் போட்டு வைத்த தொகைக்கு மேல் நஷ்டம் வராது. வெளிநாட்டாருக்கு வேலை செய்து, கூலியைக் கிரிப்டோவில் பெறுகிறவர்கள் பலர் உண்டு. தம் நாட்டு நாணயத்தின் மதிப்பு நாளுக்கு நாள் தேய்வதைக் கண்டு டாலரின் நிழலில் ஒதுங்குகிறவர்களும் உண்டு. இவர்களுக்கு இந்த அட்டை கை கொடுக்கிறது.

ஆனால் அந்தக் கை எப்போது விலகும் என்பதுதான் கேள்வி. நடந்த இரண்டு சம்பவங்களைப் பாருங்கள்.

ஜிப்ரால்டரில் அறுந்த கயிறு

ஸ்பெயின் நாட்டின் தென்கோடியை ஒட்டி இருப்பது ஜிப்ரால்டர் என்ற பிரிட்டிஷ் பிரதேசம். அங்கே வேவ்கிரெஸ்ட் என்று ஒரு கம்பெனி இருந்தது. அட்டை வைத்திருந்தவர்களில் பலர் அதன் பெயரைக் கவனித்தே இருக்கமாட்டார்கள். லண்டனின் கிரிப்டோபே, வயரெக்ஸ், பெர்லினின் பிட்வாலா, சிங்கப்பூரின் டென்எக்ஸ் என்று அவர்கள் வெவ்வேறு பெயர்களில் அட்டை வைத்திருந்தார்கள். ஆனால் அத்தனை அட்டைகளையும் வெளியிட்டு வந்தது இந்த ஒரே கம்பெனிதான்.

2018-ம் ஆண்டு ஜனவரி 5-ந் தேதி, வெள்ளிக்கிழமை. வேவ்கிரெஸ்ட் தன் விதிகளைத் தொடர்ந்து மீறி வருகிறது என்று கூறி, அதன் அங்கத்தினர் உரிமையை விசா ரத்து செய்தது. அன்றே அத்தனை அட்டைகளும் செல்லாமல் போயின.

உங்கள் பணம் பத்திரமாக இருக்கிறது என்று கம்பெனிகள் வாடிக்கைக்காரர்களுக்கு உறுதி கூறின. பணம் பத்திரமாக இருந்தால் மட்டும் போதுமா? அயலூரில் ஓட்டல் வாசலில் நிற்பவனுக்கு அந்த இரவே பணம் வேண்டும். மேலும், பிட்காயின் விலை அந்த வாரம் 17,000 டாலர் அளவில் இருந்தது. ஒரு மாதத்துக்குள் 7,000 டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. அட்டை வழியாகத்தான் நாணயத்தைச் செலவழிக்கலாம் என்று இருந்தவருக்குக் கதவு மூடியதோடு கஜானாவும் பாதிக்கு மேல் கரைந்தது.

வாடிக்கைக்காரர் செய்த குற்றம் என்ன? ஒன்றும் இல்லை. சேவைக் கம்பெனி செய்த குற்றம்கூட அங்கே பேசப்படவில்லை. இரண்டாவது கைக்கும் நான்காவது கைக்கும் இடையே வந்த வழக்கு அது.

நான்கு நாள் பட்டினி

இரண்டாவது சம்பவம் இன்னும் பெரியது. ஜெர்மனியில் மியூனிக் நகரை அடுத்த ஆஷ்ஹைம் என்ற ஊரில் தலைமை ஆபீஸ் வைத்திருந்தது வயர்கார்டு கம்பெனி. அந்நாட்டின் முதல் தரமான 30 கம்பெனிகளின் பங்குப் பட்டியலில் 2018-ம் ஆண்டு செப்டம்பரில் இடம் பிடித்த கம்பெனி அது. பெரிய மனிதர்கள் அதைப் புகழ்ந்தார்கள்.

2020-ம் ஆண்டு ஜூன் மாதம் குட்டு வெளிப்பட்டது. பிலிப்பைன்ஸ் நாட்டின் இரண்டு பாங்கிகளில் இருப்பதாகக் கணக்கில் காட்டியிருந்த 190 கோடி யூரோவுக்கு ஆதாரம் இல்லை என்று ஆடிட்டர்கள் கையெழுத்துப் போட மறுத்தனர். அந்தப் பத்திரங்கள் போலி என்று பாங்கிகள் சொல்லிவிட்டன. ஜூன் 25-ந் தேதி வயர்கார்டு திவால் மனுப் போட்டது.

மறுநாள் இங்கிலாந்தின் நிதிக் கண்காணிப்பு அதிகாரிகள், அந்தக் கம்பெனியின் இங்கிலாந்துக் கிளை ஸ்தாபனத்தின் வேலைகளை நிறுத்தி வைத்தார்கள். வாடிக்கைக்காரர் பணம் கைமாறிவிடக் கூடாது என்பதே அவர்கள் நோக்கம். ஆனால் அந்த ஸ்தாபனம் வெளியிட்ட அட்டைகள் அத்தனையும் உறைந்து போயின. கிரிப்டோ.காம் கம்பெனியின் அட்டையும் அவற்றில் ஒன்று. கிரிப்டோவோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத சாதாரண ஜனங்களின் அட்டைகளும் உண்டு. சம்பளத்தையும் அரசாங்க உதவித் தொகையையும் அந்தக் கணக்கில் பெற்று, அதைக் கொண்டே அன்றாடம் அரிசி பருப்பு வாங்கியவர்கள் அவர்கள். வேறு கணக்கு இல்லாதவர்கள் அந்த வாரக் கடைசியைக் கடன் வாங்கித்தான் ஓட்டியிருக்க முடியும்.

ஜூன் 30-ந் தேதி தடை நீங்கியது. பணம் தப்பியது. ஏன் தப்பியது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

பெட்டியா, கடனா?

மின்பணக் கம்பெனி, வாடிக்கைக்காரர் பணத்தைத் தன் சொந்தப் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஒருவரிடம் பூட்டிய பெட்டியைப் பத்திரமாக வைத்திருக்கும்படி கொடுப்பது போன்றது இது. அவர் நொடித்துப் போனாலும் பெட்டி உங்களுடையது. தாமதம் ஆகலாம், ஆனால் திரும்பி வரும்.

அதே தொகையை அவரிடம் கைமாற்றாகக் கொடுத்திருந்தால்? நீங்கள் கடன்காரர்களின் வரிசையில் ஒருவர். வரிசையின் முன்னே யார், பின்னே யார் என்பதைக் கோர்ட்டுத்தான் சொல்லும்.

அமெரிக்காவின் செல்சியஸ் கம்பெனி இதற்குச் சாட்சி. கிரிப்டோ நாணயங்களை வாங்கி வைத்துக்கொண்டு வட்டி தருவதாகச் சொன்ன கம்பெனி அது. 2022-ம் ஆண்டு ஜூன் 12-ந் தேதி, யாரும் எதையும் எடுக்க முடியாது என்று கதவை மூடியது. ஜூலையில் திவால் ஆயிற்று. வட்டிக் கணக்குகள் சுமார் 6 லட்சம். அவற்றில் இருந்தது சுமார் 420 கோடி டாலர். அந்த நாணயங்கள் யாருக்குச் சொந்தம்? 2023-ம் ஆண்டு ஜனவரியில் நியூயார்க் நீதிபதி மார்ட்டின் கிளென் தீர்ப்புச் சொன்னார்: வாடிக்கைக்காரர்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளின்படி, அவை கம்பெனிக்கே சொந்தம்! அந்த நிபந்தனைகளைப் படிக்காமல் சம்மதம் கொடுத்தவர்கள் எத்தனை பேரோ!

ஆகவே அட்டைக் கம்பெனியிடம் கொடுக்கும் நாணயம் பெட்டியா, கடனா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே செயலியில் இரண்டும் கலந்திருக்கும். அட்டையில் ஏற்றிய டாலர் பெட்டியில் இருக்கலாம். ஏற்றுவதற்குக் காத்திருக்கும் நாணயம் கடனாக இருக்கலாம்.

பெரிய பெயர் போதுமா?

விசா முத்திரை இருக்கிறதே, அது ஒரு பாதுகாப்பு அல்லவா என்று நேயர்கள் கேட்கலாம். 2022-ம் ஆண்டு அக்டோபர் 7-ந் தேதி, எஃப்.டி.எக்ஸ். என்ற கிரிப்டோ சந்தைக் கம்பெனியும் விசாவும் சேர்ந்து 40 நாடுகளில் அட்டை வழங்கப் போவதாக அறிவிப்பு வந்தது. நவம்பர் 11-ந் தேதி எஃப்.டி.எக்ஸ். திவால்! அறிவிப்பின் மை காய்வதற்குள் விசா உறவை முறித்துக்கொண்டது. அட்டையின் முத்திரை கடையில் செல்லுபடியாவதற்கு அடையாளம். உங்கள் முதலுக்கு அது ஜாமீன் ஆகாது.

இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்ற பேச்சையும் நம்பிவிடக் கூடாது. வாயேஜர் என்ற அமெரிக்கக் கம்பெனியும் 2022-ல் திவால் ஆனது. டிபாசிட் இன்ஷூரன்ஸ் தன் வாடிக்கைக்காரர்களுக்கு உண்டு என்று அது சொல்லி வந்தது. அப்படிச் சொல்வதை நிறுத்தும்படி அந்நாட்டு அதிகாரிகள் அதே ஆண்டு ஜூலையில் உத்தரவிட்டார்கள். அந்த இன்ஷூரன்ஸ், பாங்கி முறிந்தால் கை கொடுக்கும். நடுவில் நிற்கும் கம்பெனி முறிந்தால் கொடுக்காது.

டாலர் என்று பெயர் வைத்தால்

விலை ஏறி இறங்கும் பிட்காயினை விட்டுவிட்டு, எப்போதும் ஒரு டாலர் மதிப்புள்ளது என்று சொல்லப்படும் நாணயத்தைப் போட்டால் என்ன? கொஞ்சம் மேல்தான், ஆனால் பெயரில் டாலர் இருப்பதால் டாலர் ஆகிவிடாது. டெர்ரா என்ற நாணயம் 2022-ம் ஆண்டு மே மாதம் சரிந்தது, எழுந்திருக்கவே இல்லை. நம்பகமானது என்று பெயர் பெற்ற யு.எஸ்.டி.சி. நாணயத்தின் முதலில் 330 கோடி டாலர், 2023-ம் ஆண்டு மார்ச்சில் முறிந்த சிலிக்கான் வேலி பாங்கியில் மாட்டிக்கொண்டது. அந்த வாரக் கடைசியில் அதன் விலை 90 சென்டுக்கும் கீழே போய், அரசாங்கம் டிபாசிட்டுகளுக்குப் பொறுப்பேற்ற பிறகே மீண்டது.

விலாசம் கேட்காத அட்டை

பெயர், விலாசம், அத்தாட்சி எதையும் கேட்காமல் அட்டை தருவதாகச் சில சேவைகள் ஆசை காட்டுகின்றன. இவற்றில் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும். ஒரு கம்பெனி தன் சிப்பந்திகளின் செலவுக்கு என்று மொத்தமாக வாங்கிய அட்டைகளை முன்பின் தெரியாதவர்களுக்குச் சில்லறையாக விற்பது உண்டு. வெளியிட்ட பாங்கி கண்டுபிடித்தால் ஒரு நொடியில் மூடிவிடும். அப்போது நீங்கள் போய் முறையிட முடியுமா? அந்த பாங்கியின் பேரேட்டில் உங்கள் பெயரே கிடையாது!

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கடைக்காரர் ஏமாற்றினால் அட்டை வழியாக ஆட்சேபம் எழுப்ப இடம் உண்டு. ஆனால் அட்டையை நிரப்ப நீங்கள் அனுப்பிய நாணயத்தைத் திருப்பி அழைக்க எந்த ஏற்பாடும் இல்லை. சென்றது சென்றதுதான்.

நம் நாட்டவர் வரிக் கணக்கையும் பார்க்க வேண்டும். கிரிப்டோவைச் செலவழிப்பதும் சட்டத்தின் கண்ணில் அதை விற்பதுதான். 2022-ம் ஆண்டு ஏப்ரல் முதல் லாபத்தில் 30 சதவீத வரி. ஒன்றில் வந்த நஷ்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. ஒவ்வொரு முறை அட்டையை நிரப்பியதற்கும் கணக்கு வைக்காதவர், பிறகு தவிக்க நேரிடும்.

நான்கு கேள்விகள்

அட்டை வாங்கும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். அட்டையை வெளியிடும் ஸ்தாபனம் எது, அதற்கு லைசென்சு கொடுத்த நாடு எது? ஏற்றிய பணம் தனிக் கணக்கில் இருக்கிறதா? ஏற்றாத நாணயம் சட்டப்படி யாருக்குச் சொந்தம்? அட்டை நாளை மூடப்பட்டால், பாக்கியும் கடைக்காரர் திருப்பித் தரும் தொகையும் எந்த வழியாக வரும்? இவற்றுக்கு எழுத்தில் பதில் தராத கம்பெனியிடம் பத்து டாலர்கூடக் கொடுக்க வேண்டாம்.

பதில் தந்தாலும் சேமிப்பை அதில் வைக்காதீர்கள். வீட்டு வாடகை, மருந்துச் செலவு, பிள்ளையின் கல்லூரிச் சம்பளம் ஆகியவற்றை இந்த அட்டையை நம்பி நிறுத்தாதீர்கள். இந்த வாரம் செலவழிக்கப் போவதை மட்டும் இந்த வாரம் ஏற்றுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். ஜிப்ரால்டரிலும் ஜெர்மனியிலும் கயிறு அறுந்த நாளில், ஒரு வாரச் செலவை மட்டும் ஏற்றியிருந்தவருக்கு அது ஒரு தொந்தரவு. இருந்ததையெல்லாம் ஏற்றியிருந்தவருக்கோ, அன்றிரவு தூக்கம் இல்லை.