மாஹிம் விரிகுடா: மும்பை மழைநீரின் ஒடுங்கிய வாசல்

2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. சென்னைக்கு ஓராண்டு முழுக்கக் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அது. குர்லா, காலினா பக்கம் தரைத்தள வீடுகள் மூழ்கிப்போயின. அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி கடலுக்குப் போய்ச் சேர வேண்டிய வழி மாஹிம் விரிகுடா. இவ்வளவு மழையை எந்த வடிகாலும் தாங்காது என்பது உண்மை. ஆனால் அந்த வாசல் அன்றைக்கு இருந்த அளவுக்கு ஒடுங்கிப்போனது மனிதர்களின் வேலை.

வரைபடத்தில் பார்த்தால் விரிகுடா சிறியது. வடக்கே பாந்த்ரா முனை, தெற்கே வொர்லி முனை, மேற்கே அரபிக்கடல். கிழக்கே மாஹிம் கழிமுகத்தின் வழியாக மித்தி ஆறு வந்து கலக்கிறது. விஹார், பொவாய் ஏரிகள் நிரம்பி வழியும் நீரில் பிறக்கும் இந்த ஆறு சுமார் 18 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. அதற்குள் விமான நிலைய ஓடுபாதைக்கு அடியில் நுழைந்து, குர்லாவின் பட்டறைகளைக் கடந்து, தாராவியின் ஓரமாகத் திரும்பிக் கடலைத் தேடுகிறது.

ஒரு காலத்தில் இந்தக் கழிமுகம் இரண்டு அரசுகளுக்கு நடுவே எல்லையாக இருந்தது. 1661இல் போர்ச்சுகல் இளவரசி கேத்தரீனை இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸுக்கு மணம் பேசியபோது, பம்பாய் சீதனமாகப் போயிற்று. தெற்குக் கரையில் மாஹிம் ஆங்கிலேயரிடம் வந்தது. வடக்குக் கரையில் பாந்த்ரா போர்ச்சுகீசியரிடமே இருந்தது, 1739இல் மராத்தியர் பிடிக்கும் வரை. பாந்த்ரா, மாஹிம், வொர்லி என்று இத்தனை சிறிய நீர்ப்பரப்பைச் சுற்றி இத்தனை கோட்டைகள் நிற்பது இதனால்தான். தாராவிக்குள்ளும் ஒன்று உண்டு: மக்கள் காலா கில்லா என்று சொல்லும் கருங்கல் கோட்டை. 1737இல் கட்டியதாக அதன் கல்வெட்டு சொல்கிறது. இன்று அதை வீடுகள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன.

எல்லை மறைந்த பிறகும் கழிமுகத்தைக் கடக்கப் படகுதான். மழைக்காலத்தில் அந்தப் படகுப் பயணம் பலரின் உயிரைக் குடித்தது. அதன் குறுக்கே சாலை போட வேண்டும் என்ற கோரிக்கைக்கு அரசு பணம் ஒதுக்கவில்லை. பார்சி வணிகர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயின் மனைவி ஆவாபாய் ரூ. 1,57,000 கொடுத்தார். சுங்கம் வசூலிக்கக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. 1845இல் சாலை திறந்தது. அந்த நிபந்தனை எத்தனை ஏழைகளுக்கு நகரத்தின் கதவைத் திறந்துவிட்டது என்று நினைத்தால் அந்த அம்மையார் மேல் மரியாதை பெருகுகிறது. மாஹிமிலிருந்து தாதர் போகும் சாலைக்கு இன்றும் லேடி ஜம்ஷெட்ஜி சாலை என்றே பெயர்.

ஆனாலும் இதே சாலை கழிமுகத்தின் மேல் விழுந்த ஒரு கட்டு. அகன்று கிடந்த நீர், பாலத்தின் கண்களுக்குள் அடங்கிப்போக வேண்டியதாயிற்று. பிறகு ரயில் பாதை வந்தது. பாந்த்ராவில் இறைச்சிக்கூடம் இருந்ததால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் எதிர்க்கரையான தாராவியில் தோல் பதனிடும் தொழில் வேர்விட்டது. அதை நடத்த திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தமிழ் முஸ்லிம்கள் வந்தார்கள். அவர்களைத் தொடர்ந்து தமிழ்த் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். தாராவித் தமிழர்களின் கதை இந்தச் சேற்றுக்கரையில்தான் தொடங்கியது. அவர்களுக்கு முன்பே கோலி மீனவர்கள் அங்கே வலை வீசிக்கொண்டிருந்தார்கள்.

பெரிய அடி 1970களுக்குப் பிறகு விழுந்தது. மித்தியின் இருகரையிலும் கண்டல் காடும் சதுப்பும் பரந்திருந்த இடத்தில் மண் கொட்டி, பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ் எழுந்தது. இன்று வங்கித் தலைமையகங்களும் வைரச் சந்தையும் அங்கே நிற்கின்றன. பாந்த்ராவின் கடலோரத்திலும் விரிகுடாவையே தூர்த்து ஒரு பேட்டை உருவாகி, ரிக்ளமேஷன் என்றே பெயர் பெற்றது. சதுப்பு செய்துவந்த வேலை என்ன? ஓதம் ஏறி நிற்கும்போது ஆற்றுநீர் கடலுக்குள் போக முடியாது. ஓதம் வடிய ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும். அதுவரை மழைநீரை வாங்கி வைத்திருந்தது அந்தச் சதுப்புதான். அது இல்லாத இடத்தில் தண்ணீர் வீடுகளுக்குள் ஏறுகிறது. நாலரை மீட்டருக்கு மேல் ஓதம் எழும் நாள்களை மாநகராட்சி ஆண்டுதோறும் முன்கூட்டியே அறிவிப்பது இந்த அச்சத்தால்தான். 2005 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றை அகலப்படுத்தினார்கள், ஆழப்படுத்தினார்கள், சுவர் எழுப்பினார்கள். கரையில் மிஞ்சியிருக்கும் கண்டலைக் காப்பது அதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். குப்பைமேடாகக் கிடந்த நிலம் மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவாகி, தாராவிக்கு எதிரே 37 ஏக்கரில் மரமும் பறவையுமாக மாறியிருக்கிறதே, வேண்டுமென்றால் முடியும்.

கட்டுமானம் கரையோடு நிற்கவில்லை. 2009 ஜூன் 30 அன்று விரிகுடாவின் வாய்க்கு எதிரே 5.6 கிலோமீட்டர் பாந்த்ரா–வொர்லி கடற்பாலம் திறந்தது. அதன் வொர்லி முனையில் புதிய கடற்கரைச் சாலையை இணைக்கும் பாலத்தின் தூண்களுக்கு நடுவே 60 மீட்டர் இடைவெளி போதும் என்று திட்டம் போட்டிருந்தார்கள். வொர்லி கோலிவாடா மீனவர்கள் ஒப்பவில்லை. அடியில் பாறை, மேலே காற்று, பக்கத்தில் நீரோட்டம். படகு நேர்கோட்டில் போகாது, தூணில் மோதும் என்றார்கள். 200 மீட்டர் கேட்டார்கள், படகுகளைக் குறுக்கே நிறுத்தி வேலையைத் தடுத்தார்கள். 2022 கடைசியில், இடையில் வரவிருந்த ஒரு தூணைத் திட்டத்திலிருந்து எடுத்து, இடைவெளியை 120 மீட்டராக்க அரசு ஒப்புக்கொண்டது.