பயன்படுத்தப்படாத காட்சிகள்: எவற்றை நீக்குவது, எவற்றைக் காப்பது?

சுடுகாட்டுப் பாதை மறுக்கப்பட்ட ஒரு குடியிருப்பைப் பற்றிச் சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் குறும்படம் ஒன்றை எடுத்தோம். அங்கிருந்த மூதாட்டி ஒருவர் ஐம்பது நிமிடங்கள் பேசினார். படத்தில் இரண்டு நிமிடங்களே இடம்பெற்றன. அடுத்த படத்துக்கு ஹார்டு டிஸ்கில் இடம் போதவில்லை. எனவே, தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையில் உள்ள எங்கள் தொகுப்பறையில், படத்தில் பயன்பட்ட பகுதிகளை மட்டும் நறுக்கிச் சேமித்துவிட்டு, எஞ்சியவற்றை ஒரே இரவில் நீக்கினோம். பின்னர் அந்தப் பாதை குறித்த மனு வருவாய்த் துறையின் விசாரணைக்கு வந்தது. பழைய வழி எந்தக் கிணற்றை ஒட்டிச் சென்றது என்று அவர் சொல்லியிருந்த பகுதி, நீக்கப்பட்ட நாற்பத்தெட்டு நிமிடங்களில் இருந்தது. அப்போது அவர் உயிருடன் இல்லை.

தொகுப்பாளருக்கு மூலக் காட்சி என்பது கச்சாப் பொருள். உரிமைப் போராட்டத்தில் அதுவே ஆவணம். 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் நடைபெற்ற பேரணியின்மீது காவல்துறை தடியடி நடத்தியது. தாமிரபரணியில் பதினேழு உயிர்கள் பறிபோயின. அன்று ஆற்றங்கரையில் பதிவான காட்சிகளே ஆர்.ஆர்.சீனிவாசனின் ‘நதியின் மரணம்’ ஆவணப்படத்துக்கு வலுச் சேர்த்தன. கோகுல்ராஜ் கொலை வழக்கில் முதன்மைச் சாட்சி பிறழ்ந்த பின்னும், திருச்செங்கோடு கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு நிலைத்து நின்றது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் அந்தக் கோயிலுக்கே நேரில் சென்று பார்வையிட்டனர். 2023 ஜூன் 2 அன்று முதன்மைக் குற்றவாளியின் தண்டனையை உறுதி செய்தனர். அந்தக் கேமராக்களில் ஒவ்வொரு நாளும் எத்தனையோ மணி நேரம் யாருக்கும் தேவைப்படாத காட்சிகள் பதிவாகியிருக்கும் என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவை ஒப்படைக்கும்போது சான்றிதழ் ஒன்றையும் கோருகிறது. பதிவை முன்வைப்பவர் ஒரு பகுதியிலும், வல்லுநர் மற்றொரு பகுதியிலும் கையொப்பமிட வேண்டும். கோப்பின் ‘ஹாஷ்’ மதிப்பும் அதில் இடம்பெற வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை போன்றது. ஒரு பிட் மாறினாலும் மதிப்பு முற்றிலும் வேறாகிவிடும். ஆகவே, நறுக்கிச் சேமித்த துண்டு பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தாலும் மூலக் கோப்பாகாது. வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பப்படும் காணொளியும் அத்தகையதே. அது சுருக்கப்பட்டு, எடுக்கப்பட்ட நேரம் போன்ற விவரங்களை இழந்தே மறுமுனையைச் சென்றடைகிறது. நினைவட்டையிலிருந்து நகலெடுத்த அன்றே ஹாஷ் மதிப்பைக் கணக்கிட்டு எழுதி வைப்பது ஐந்து நிமிட வேலை. அதற்கு இலவச மென்பொருள்களே போதும்.

இடப்பற்றாக்குறை உண்மையானது என்பதையும் மறுக்க முடியாது. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே காட்சி ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி இடத்தை எடுத்துக்கொள்கிறது. 4 டிபி டிஸ்கில் ஏறத்தாழ 88 மணி நேரம்தான் அடங்கும். ஒவ்வொரு படத்தின் கோப்புறைக்குள்ளும் அதே காட்சிகளை மீண்டும் மீண்டும் நகலெடுத்து வைக்கும் பழக்கம் இந்த நெருக்கடியை இரட்டிப்பாக்குகிறது. நாங்களும் நெடுங்காலம் அப்படித்தான் செய்துவந்தோம். ஒரே பேட்டி மூன்று படங்களின் கோப்புறைகளில் கிடந்தது. எது மூலம், எது நகல் என்று எங்களுக்கே தெரியவில்லை.

இப்போது மூலக் காட்சிகள் ஓரிடத்தில், படங்கள் வேறிடத்தில். மூலக் கோப்புறைக்கு எந்தப் படத்தின் பெயரும் கிடையாது. ஆண்டு, மாதம், நாள், ஊர், கேமரா என்ற வரிசையில் பெயரிடுகிறோம். ஆண்டு முதலில் வருவதால் கணினியே காலவரிசைப்படி அடுக்கிவிடுகிறது. தொகுப்பு மென்பொருள் காட்சியைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை, அது இருக்கும் இடத்தின் முகவரியை மட்டுமே குறித்துக்கொள்கிறது. எனவே பத்துப் படங்கள் ஒரே மூலத்தைப் பயன்படுத்தலாம். அதே காரணத்தால், ஒரு படத்துக்குத் தேவையில்லை என்று ஒருவர் நீக்கும் கோப்பு, மற்றொருவரின் படத்தில் ‘கோப்பு காணவில்லை’ என்ற சிவப்புத் திரையாக வெளிப்படும். ஒரு மென்பொருள் காட்டும் ‘பயன்படுத்தப்படாதவை’ பட்டியல் அந்த ஒரு படத்தை மட்டுமே அறியும்.

தயங்காமல் நீக்கக்கூடியவை பல உண்டு. மென்பொருள் தானே உருவாக்கிக்கொள்ளும் கேஷ், ரெண்டர் கோப்புகள், வேகமான தொகுப்புக்காக உருவாக்கிய குறைந்த தரப் பிராக்ஸி நகல்கள் ஆகியவற்றை மூலத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் மீண்டும் உருவாக்கலாம். எங்கள் டிஸ்கில் அடைந்து கிடந்த இடத்தில் பெரும்பகுதி இவற்றுக்கே உரியதாக இருந்தது. அன்றிரவு நாங்கள் முதலில் கைவைத்திருக்க வேண்டியது இவற்றின்மீதுதான். லென்ஸ் மூடியோடு ஓடிய பதிவு, பைக்குள் கிடந்த கைப்பேசி தவறுதலாகப் பதிவு செய்தது போன்றவற்றையும் இருவர் பார்த்த பின் நீக்கலாம்.

மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒரு நகல் வேறு ஊரில் என்பது உலகெங்கும் ஆவணக் காப்பாளர்கள் பின்பற்றும் நெறி. குற்றாலச் சாரல் காலத்தில் ஈரம் சுவரில் ஊறும் எங்கள் பகுதியில் அந்த வேறு ஊர் நகல் ஆடம்பரமல்ல. பழைய மினி டிவி நாடாக்களில் பூஞ்சை படர்ந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அவற்றை ஓட்டிப் பார்க்கும் கருவிகளும் அருகிவருவதால், கையில் நாடா வைத்திருக்கும் தோழர்கள் இவ்வாண்டே கணினிக்கு மாற்றிவிடுவது நல்லது.

காத்து வைப்பதிலும் ஆபத்து உண்டு. வன்கொடுமைக்கு எதிராகப் புகார் அளித்தவரின் முகமும் வீடும் எங்கள் டிஸ்கில் இருக்கின்றன. பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம். ஆதலால் அத்தகைய காட்சிகளைக் கடவுச்சொல் இட்ட தனி டிஸ்கில் வைக்கிறோம். பதிவேட்டில், பேசியவர் எதற்கெல்லாம் இசைந்தார் என்பதற்கு ஒரு பத்தி ஒதுக்கியுள்ளோம். ஒருவர் தம் பதிவை நீக்கச் சொன்னால், அது வழக்குக்குத் தேவைப்படுமா என்பதை அவருடைய வழக்கறிஞரோடு சேர்ந்து அவரிடமே விளக்குகிறோம். அதன் பிறகும் அவர் வேண்டாம் என்றால், மூன்று நகல்களையும் நீக்கி, நீக்கிய நாளையும் நீக்கியவர் பெயரையும் பதிவேட்டில் எழுதிவிடுகிறோம்.