ஞாயிற்றுக்கிழமை விதை வங்கி: சிறுமிகளோடு செய்ய செலவில்லாத ஐந்து கைவேலைகள்



வங்கியில் 33 வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு விளாத்திகுளம் பக்கம் இருக்கிற எங்கள் கரிசல் காட்டுக்கே திரும்பி வந்தவன் நான். 7 ஏக்கர் மானாவாரி. கம்பு, குதிரைவாலி, உளுந்து, மிளகாய் போடுகிறோம். கிணற்றடியில் மட்டும் 40 சென்ட் காய்கறித் தோட்டம். நான்கு வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை 2 மணி நேரம் எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் அங்கே வருகிறார்கள். 8 வயதில் இருந்து 13 வயது வரை, சில வாரம் 9 பேர், சில வாரம் 15 பேர்.

ஏன் பெண்பிள்ளைகள் மட்டும் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பையன்களுக்கு லீவு நாளில் கிரிக்கெட் இருக்கிறது, கண்மாய் இருக்கிறது. பெண்பிள்ளைகளுக்குத் தண்ணீர் எடுக்கிற வேலையும் தம்பியைப் பார்த்துக்கொள்கிற வேலையும்தான். மிச்ச நேரத்துக்கு செல்போன். இன்னொரு காரணமும் உண்டு. நம்ம ஊரில் விதையைக் காப்பாற்றி வைத்தது பெண்கள்தான். குடுக்கையிலும் குதிரிலும் விதை எடுத்து வைத்த கை எல்லாம் ஆச்சிமார் கை. அந்த ஆச்சிமாருக்கு இப்போது 70, 75 வயது. அவர்களுக்குத் தெரிந்தது பேத்திகளுக்கு வந்து சேராவிட்டால், அப்புறம் பாக்கெட் விதைதான் கதி.

தொடங்குவதற்கு முன்னால்

முதல் ஆறு மாதம் நான் ஒரு தப்பு செய்தேன். பிள்ளைகளைக் கூப்பிட்டேனே தவிர, தோட்டத்தில் கழிப்பறை கிடையாது. 11, 12 வயசுப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. காரணம் என்னிடம் சொல்லவில்லை, என் மனைவியிடம்தான் சொன்னார்கள். மோட்டார் ரூமை ஒட்டி ஒரு கழிப்பறை கட்டினோம், தாழ்ப்பாளோடு, வாளித் தண்ணீரோடு. பிறகுதான் வந்தார்கள். ஆகவே இதை நீங்களும் செய்வதாக இருந்தால் முதல் வேலை கழிப்பறை. இரண்டாவது, பெரிய பெண்கள் இரண்டு பேராவது கூடவே இருக்க வேண்டும். மூன்றாவது, பெற்றவர்களிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டுத்தான் கூப்பிட வேண்டும். இது மூன்றும் இல்லாமல் தொடங்காதீர்கள்.

இனி கைவேலைகளுக்கு வருவோம்.

1. ஓலைக் காத்தாடி

தேவை: பனை ஓலை, கருவேல முள், சோளத்தட்டை. செலவு எதுவும் இல்லை.

பனை நம் மாநில மரம். ஆனால் எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் பனை ஓலையைக் கையில் தொட்டதில்லை. பனையேறுகிறவரிடம் சொல்லிக் குருத்தோலை வாங்குங்கள். ஒரு மரத்தில் ஒரு குருத்துக்கு மேல் எடுக்க வேண்டாம், மரம் தளர்ந்துபோகும். ஓலையை ஒரு நாள் காயவைத்து, ஈர்க்கை உரித்துவிட்டு, இரண்டு விரல் அகலத்தில் ஒரு சாண் நீளத் துண்டாக நறுக்குங்கள். நடுவில் முள்ளால் குத்தி ஓட்டையைக் கொஞ்சம் பெரிசாக்கி, முள்ளின் நுனியைச் சோளத்தட்டையின் தக்கைக்குள் செருகினால் காத்தாடி தயார்.

சுற்றவில்லை என்று பிள்ளைகள் கொண்டுவரும். விஷயம் மடிப்பில் இருக்கிறது. வலது பக்கத்தில் மேல் ஓரத்தைத் தூக்கிவிட்டால், இடது பக்கத்தில் கீழ் ஓரத்தைத் தூக்கிவிட வேண்டும். இரண்டு பக்கமும் மேல் ஓரத்தையே தூக்கினால் காத்து இரண்டையும் எதிரெதிராகத் தள்ளும், காத்தாடி நின்றுவிடும். இதை நாமே சொல்லிவிடக் கூடாது. அரை மணி நேரம் மல்லுக்கட்ட விட்டால் ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிடும், அது மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும். முள்ளை எடுத்துக் கொடுப்பது மட்டும் பெரியவர்கள் வேலை.

2. மஞ்சள் தாள்

தேவை: மஞ்சள் தூள், சுண்ணாம்பு, எலுமிச்சம்பழம், பழைய நோட்டுத் தாள். 12 பேருக்கு 30 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

ஒரு டம்ளர் வெந்நீரில் இரண்டு ஸ்பூன் மஞ்சள் தூளைக் கலக்கித் துணியால் தாளில் தடவி நிழலில் காயவையுங்கள். சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேலே நிற்கிற தெளிந்த தண்ணீரை மட்டும் பெரியவர்கள் எடுத்துக் கொடுங்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. குச்சியில் பஞ்சைச் சுற்றி, அதில் தொட்டு எழுதினால் எழுத்து சிவப்பாக வரும். நம்ம வீட்டு ஆரத்தி சிவப்பாவதும் இதனால்தான். மேலே எலுமிச்சைச் சாறு விட்டால் திரும்ப மஞ்சளாகிவிடும். மஞ்சள் காரத்தில் சிவக்கும், புளிப்பில் பழைய நிறத்துக்கே வந்துவிடும். சோப்புத் தண்ணீரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், மஞ்சள் கறைத் துணி சோப்புப் பட்டால் ஏன் சிவக்கிறது என்று தானாகவே புரிந்துகொள்ளும்.

அடுத்து மண்ணுக்கு வருவோம். ஒரு கைப்பிடி மண்ணில் அதே அளவு தண்ணீர் விட்டுக் கலக்கித் தெளியவைத்து, தாளை முக்குங்கள். எங்கள் காட்டில் வடக்கு மூலையில் எது போட்டாலும் சரியாக வராத ஒரு களர்த் துண்டு உண்டு. அந்த மண்ணில் மட்டும் தாள் சிவந்தது. காரம் கூடின மண் என்றால் என்ன என்பதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்த்தார்கள். மண் பரிசோதனைக் கூடத்துக்கு இது மாற்று இல்லை. ஆனால் பரிசோதனை எதற்கு என்பது புரிந்துவிடும்.

3. விதைப்பந்து

ஜப்பானிய இயற்கை உழவர் மசானபு ஃபுகுவோகா பரப்பிய முறை இது என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். மண் 5 பங்கு, மட்கிய எரு 3 பங்கு, விதை 1 பங்கு. எலுமிச்சம்பழத்தில் பாதி அளவுக்கு உருட்டி, நிழலில் இரண்டு நாள் காயவைக்க வேண்டும். நான் முதல் வருஷம் செய்த தப்புகளைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள்.

கரிசல் மண்ணிலேயே உருட்டினோம். கரிசல் காய்ந்தால் வெடிக்கும் என்று தெரிந்தும் செய்தேன். மூன்றாவது நாள் எல்லா உருண்டையும் பிளந்து கிடந்தது. இப்போது செம்மண்ணைத்தான் பாதிக்கு மேல் சேர்க்கிறோம்.

ஆனி மாதம் பொறுக்கின வேப்பங்கொட்டையை ஐப்பசியில் உருட்டினோம். ஒன்றுகூட முளைக்கவில்லை. வேம்பு சீக்கிரமே முளைப்புத் திறனை இழந்துவிடும், பொறுக்கின சில வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். சரக்கொன்றைக்கு வேறு மாதிரிப் பிரச்சினை, தோல் கெட்டி. வெந்நீரில் போட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டுத்தான் உருட்ட வேண்டும். விதைப்பந்தை வீசிவிட்டு வந்தால் காடு வந்துவிடாது. எறும்பு, ஆடு, வெயில் எல்லாம் போக நிற்பது கொஞ்சம்தான். ஆகவே ஆளுக்கு 10 பந்து, வடகிழக்குப் பருவமழை தொடங்குகிற நேரத்தில், அவரவருக்கு ஒரு இடம். போய்ப் பார்க்கிற தூரத்தில் போட்டால்தான் பிள்ளைக்கும் அக்கறை இருக்கும்.

4. விதை மாலை

மக்காச்சோளத்தை ஒரு ராத்திரி ஊறவைத்தால் ஊசி இறங்கும். மஞ்சள் தண்ணீர், பீட்ரூட் சாறு இரண்டிலும் தோய்த்துக் கோத்துக் காயவைத்தால் மாலை, வளையல் எல்லாம் ஆகும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. குன்றிமணி பார்க்க அழகாக இருக்கும், பிள்ளைகள் ஆசையாகப் பொறுக்கிக்கொண்டு வரும். அது கடும் விஷம். ஓட்டை போட்ட குன்றிமணி வாயில் போனால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு, அரளி, ஊமத்தை விதைகளும் வேண்டாம். கடையில் வாங்கிய சிவப்பு, பச்சைப் பூச்சுள்ள பாக்கெட் விதையையும் தொட விடாதீர்கள். அந்தப் பூச்சு பூசணக்கொல்லி மருந்து.

5. விதைப் பாஸ்புக்

எல்லாவற்றையும்விட பிள்ளைகளுக்குப் பிடித்தது இதுதான். பழைய வேலை விடவில்லை என்று என் மனைவி கேலி செய்வாள்.

பழைய காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கத்தை மடித்து, கோணி ஊசியால் தைத்து, கல்யாணப் பத்திரிகையை அட்டையாக வைத்தால் பாஸ்புக். செய்தித்தாளை மடித்துச் சோற்றுப் பருக்கையால் ஒட்டினால் விதைக் கவர். ஒவ்வொரு பிள்ளையும் அவரவர் ஆச்சியிடம் கேட்டு ஒரு விதை கொண்டுவர வேண்டும். பெயர், யார் கொடுத்தது, எந்த மாதம் விதைப்பது என்று கவரில் எழுத வேண்டும். சுரை, பீர்க்கு, அவரை, கத்தரி என்று முதல் வருஷமே 14 ரகம் சேர்ந்தது. நன்கு காய்ந்த பீர்க்கங்காயின் அடியை வெட்டிக் குலுக்கினால் விதை கொட்டும், மிச்ச நார் குளிக்கிறதுக்கு ஆகும். கவரோடு காய்ந்த வேப்பிலையும் போட்டு மூடிய தகர டப்பாவில் வைக்கிறோம்.

விதைக்கும் முன்னால் முளைப்புச் சோதனை. ஈரச் சாக்கில் 20 விதையைச் சுருட்டி வைத்து, ஒரு வாரம் கழித்து எண்ணுவோம். 17 முளைத்தால் 85 சதவீதம். பள்ளிக்கூடத்தில் சதவீதக் கணக்கு வராத பிள்ளை இதில் நன்றாகவே போடுகிறாள்.

பாஸ்புக்கில் வரவு, பற்று, இருப்பு. விதி ஒன்றுதான்: ஒரு கை விதை வாங்கினால் அறுவடைக்குப் பிறகு இரண்டு கை திருப்ப வேண்டும். இதைச் சொன்ன அன்றைக்கே 9 வயசுப் பிள்ளை ஒருத்தி கேட்டாள், "மழை பெய்யாம வெளையலைன்னா என்ன தாத்தா செய்ய?"

33 வருஷம் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று விவசாயிகள் என்னிடம் கேட்ட கேள்வி அது. அப்போது என்னிடம் இருந்த பதில் எல்லாம் சுற்றறிக்கையில் அச்சடித்த பதில். அதனால் பிள்ளைகளையே முடிவு பண்ணச் சொன்னேன். பத்து நிமிஷம் கூடிப் பேசினார்கள். "வெளையாட்டி அடுத்த வருஷம் குடுக்கட்டும். வட்டி வேண்டாம். விதை வேணும்னா திரும்பவும் ஒரு கை குடுப்போம்" என்றார்கள். இன்றைக்கு வரை அதுதான் சட்டம். ஏமாற்றினவர் யாரும் இல்லை.

ஒரு பிள்ளை நின்றபோது

விதைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தது 12 வயசுப் பிள்ளை. போன வருஷம் வயசுக்கு வந்தாள், வருவது நின்றுவிட்டது. நானும் என் மனைவியும் அவள் வீட்டுக்குப் போனோம். அவள் ஆச்சி முகத்துக்கு நேராகச் சொன்னார், "சார், பெரிய மனுசியான புள்ளைய தோட்டத்துக்கு அனுப்புனா நாளைக்கு நாலு பேரு நாலு விதமா பேசுவாக." எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. என் மனைவிதான் கேட்டாள், "அவ வர வேண்டாம் ஆச்சி. நாங்க உங்க திண்ணைக்கு வரலாமா?"

அன்றையில் இருந்து மாதத்தில் ஒரு ஞாயிறு அந்தத் திண்ணையில் கூடுகிறோம். கணக்கு நோட்டும் டப்பாவும் அந்த வீட்டில்தான் இருக்கிறது. ஆச்சி முதல் இரண்டு மாதம் உள்ளேயே இருந்தார். மூன்றாவது மாதம் வெளியே வந்து, "அவரை விதைய அப்படியா காயப்போடுவாக? பல்லுல கடிச்சா டக்குன்னு ஒடையணும்" என்று சொல்லிக் கொடுக்க உட்கார்ந்துவிட்டார். பிள்ளை இன்னும் தோட்டத்துக்கு வரவில்லை. பள்ளிக்கூடம் போகிறாள். அதை மட்டும் நிறுத்தக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுத்தான் வருகிறோம்.

நீங்களும் பெரிதாகத் திட்டம் போட வேண்டாம். உங்கள் தெருவில் ஐந்து பிள்ளைகள், ஒரு திண்ணை, பழைய காலண்டர், சோற்றுப் பருக்கை போதும். ஆடிப் பட்டத்துக்கு முன்னால் முதல் கவரை ஒட்டிவிடுங்கள். அதில் என்ன விதை என்று எழுத வேண்டிய ஆச்சி உங்கள் ஊரிலும் இருப்பார், சீக்கிரம் கேட்டுவிடுங்கள்.